காத்திருப்பது வேறு, தேடுவது வேறு: பட்டதாரி இளைஞர்களின் நெடிய வேலை தேடல் உணர்த்துவது என்ன?

புது தில்லி: இந்தியாவில் கல்வி உயர உயர வேலையின்மையும் உயர்கிறது. சர்வதேச தொழிலாளர் அமைப்பும் தில்லியில் உள்ள மனித மேம்பாட்டு நிறுவனமும் இணைந்து 2024 மார்ச்சில் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் பட்டதாரி இளைஞர்களிடையே வேலையின்மை விகிதம் 29.1 சதவீதமாக இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே அது 3.4 சதவீதம் மட்டுமே. வேலையற்றோரில் இடைநிலைக் கல்வியோ அதற்கு மேலோ பயின்ற இளைஞர்களின் பங்கு 2000ஆம் ஆண்டில் 54.2 சதவீதமாக இருந்து, 2022இல் 65.7 சதவீதமாக உயர்ந்துள்ளது.

இந்த எண்களைக் கொண்டு கல்வியால் பயனில்லை என்று முடிவு செய்வது பிழையாகும். கல்வி பெறாத ஏழை இளைஞரால் வேலையின்றி இருக்க இயலாது. கிடைத்த கூலிக்குக் கிடைத்த பணியை அவர் ஏற்கிறார். பட்டதாரியோ படிப்புக்கேற்ற பணி வரும்வரை குடும்பத்தின் ஆதரவில் காத்திருக்கிறார். அந்தக் காத்திருப்பு எத்தனை ஆண்டுகள் நீள்கிறது, அக்காலத்தில் அவர் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தே அவருடைய அடுத்த பத்தாண்டுகள் அமைகின்றன. வேலை தேடும் இளைஞர்களுக்கு ஊக்கம் குறித்த அறிவுரைகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஆனால், காத்திருப்பதற்கும் தேடுவதற்கும் உள்ள வேறுபாடு அவற்றில் பெரும்பாலும் பேசப்படுவதில்லை.

வரிசையின் நீளம்

முதலில், வாய்ப்பின் அளவை உள்ளபடி அறிவது அவசியம். 2014-15 முதல் 2021-22 வரையிலான எட்டு ஆண்டுகளில் மத்திய அரசுப் பணிகளுக்கு 22.05 கோடி விண்ணப்பங்கள் வந்ததாகவும், 7.22 லட்சம் பேர் பணிநியமனத்துக்குப் பரிந்துரைக்கப்பட்டதாகவும் 2022 ஜூலையில் மக்களவையில் மத்திய அரசு தெரிவித்தது. ஒருவரே பல பணிகளுக்கு விண்ணப்பித்திருக்கக் கூடும். எனினும், சராசரியாக 300க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களுக்கு ஒன்று என்ற அளவிலேயே பணி கிடைத்துள்ளது.

தேர்வு நடைமுறையின் தாமதம் இந்தப் போட்டியை மேலும் கடினமாக்குகிறது. ரயில்வேயில் தொழில்நுட்பம் சாராப் பிரிவின் 35,281 பணியிடங்களுக்கு 2019இல் அறிவிப்பு வெளியானது. விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 1.25 கோடி பேர். முதற்கட்டத் தேர்வு 2020 டிசம்பரில் தொடங்கி 2021 ஜூலையில் நிறைவடைந்தது. அதன் முடிவு 2022 ஜனவரியில் வெளியானபோது, அதில் குளறுபடி உள்ளதாகக் கூறி பிகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் தேர்வர்கள் போராட்டத்தில் இறங்கினர். உத்தரப் பிரதேசக் காவல்துறையின் 60,244 காவலர் பணியிடங்களுக்கு 2024 பிப்ரவரியில் நடைபெற்ற தேர்வை 48 லட்சத்துக்கும் அதிகமானோர் எழுத விண்ணப்பித்திருந்தனர். வினாத்தாள் கசிவுப் புகாரால் ஒரே வாரத்தில் அத்தேர்வு ரத்து செய்யப்பட்டு, ஆகஸ்டில் மீண்டும் நடத்தப்பட்டது.

தனியார் துறையிலும் தகுதி மட்டுமே முடிவைத் தீர்மானிப்பதில்லை. பொருளியல் அறிஞர் சுகதேவ் தோரட்டும் சமூகவியல் அறிஞர் பால் அட்டெவெலும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. நாளிதழ்களில் வெளியான தனியார் நிறுவன விளம்பரங்களுக்கு, ஒத்த தகுதிகளைக் கொண்ட விண்ணப்பங்கள் வெவ்வேறு பெயர்களில் அனுப்பப்பட்டன. உயர்சாதி இந்துப் பெயர் தாங்கிய விண்ணப்பங்களைவிட, தலித் பெயரும் இஸ்லாமியப் பெயரும் தாங்கியவற்றுக்கு நேர்காணல் அழைப்பு குறைவாகவே வந்தது.

நிராகரிப்பு ஒவ்வொன்றும் தன் திறமைக்கு அளிக்கப்பட்ட தீர்ப்பு என்று கருதும் இளைஞர் விரைவில் சோர்வடைகிறார். அதில் பெரும்பகுதி இடங்களின் பற்றாக்குறையால் நேர்ந்தது என்பதை உணர்பவரால், தன் கட்டுப்பாட்டில் உள்ள சிறு பகுதியைச் செம்மைப்படுத்துவதில் கவனம் செலுத்த முடிகிறது.

கையிருப்பில் நேரம், கைநழுவும் நாள்

வேலையின்மை மனத்தை எவ்வாறு பாதிக்கிறது என்பதை ஆராய்ந்த முன்னோடி ஆய்வுகளுள் ஒன்று ஆஸ்திரியாவின் மரியந்தால் என்ற சிற்றூரில் நடைபெற்றது. ஊரின் வாழ்வாதாரமாக இருந்த நெசவாலை மூடப்பட்டபின் அங்கு சென்ற மேரி ஜஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோரின் ஆய்வு 1933இல் நூலாக வெளிவந்தது. நாள் முழுவதும் ஓய்வு கிடைத்தும் மக்கள் குறைவாகவே படித்தனர். நூலகத்தில் கட்டணம் நீக்கப்பட்ட பிறகும் நூல் இரவல் பெருமளவு சரிந்தது. ஆடவர்களின் நடையே தளர்ந்திருந்தது. காலை முதல் மாலை வரை என்ன செய்தீர்கள் என்ற கேள்விக்குப் பலரால் தெளிவாகப் பதிலளிக்க முடியவில்லை.

ஊதியத்துக்கு அப்பால் வேலை ஐந்து நன்மைகளைத் தருகிறது என்று ஜஹோடா பின்னாளில் வகுத்துரைத்தார். நாளுக்கு ஓர் ஒழுங்கு, குடும்பத்துக்கு வெளியே மனிதத் தொடர்பு, பொதுவான நோக்கில் பங்கு, சமூகத்தில் ஓர் அடையாளம், தொடர்ந்த செயல்பாடு ஆகியவையே அவை. வேலை தேடும் காலத்தில் ஊதியத்தை உடனே ஈடுசெய்ய இயலாது. மற்ற ஐந்தில் சிலவற்றையேனும் நாமே அமைத்துக்கொள்ளலாம்.

இதற்கான வழி எளியது. தேடலுக்கென நாள்தோறும் குறிப்பிட்ட நேரத்தை ஒதுக்கி, அது முடிந்ததும் எழுந்துவிட வேண்டும். நாள் முழுவதும் கைப்பேசியில் வேலை அறிவிப்புகளைப் பார்த்துக்கொண்டிருப்பது தேடுவதாகத் தோன்றினாலும், உண்மையில் அது கவலையை வளர்க்கும் காத்திருப்பே ஆகும். வார இறுதியில், எத்தனை அழைப்புகள் வந்தன என்பதைக் கணக்கிடுவதைவிட, எத்தனை பொருத்தமான விண்ணப்பங்கள் அனுப்பினோம், எத்தனை பேரிடம் பேசினோம், எந்தத் திறனைப் பயின்றோம் என்பதைக் குறித்து வைப்பது நன்று. முன்னது பிறர் கையில் உள்ளது. பின்னவை நம் கையில் உள்ளவை.

விண்ணப்பத்தின் பயனை அறியவும் இக்குறிப்பு உதவும். பல விண்ணப்பங்களுக்குப் பிறகும் நேர்காணல் அழைப்பே வரவில்லை எனில், சுயவிவரக் குறிப்பையோ தேர்ந்தெடுக்கும் பணியின் வகையையோ மாற்ற வேண்டும். அழைப்பு வந்தும் பணி அமையவில்லை எனில், நேர்காணல் பயிற்சியே தேவை. இரண்டையும் பிரித்தறியாமல் முயற்சியை மட்டும் இரட்டிப்பாக்கினால் சோர்வே மிஞ்சும்.

குழுவாகப் படிக்கிறோம், தனியாகத் தேடுகிறோம்

பிகாரின் சசாராம் ரயில் நிலைய நடைமேடைகளில் விளக்கொளியில் அமர்ந்து போட்டித் தேர்வுக்குப் படித்த இளைஞர்கள் நாடறிந்தவர்கள். ஒருவருக்குத் தெரிந்ததை மற்றவருக்குக் கற்பிக்கும் அந்த வழக்கம் தில்லியின் முகர்ஜி நகரிலும் பிரயாக்ராஜின் வாடகை அறைகளிலும் காணப்படுகிறது. ஆனால், குழுவாகப் படிக்கும் நம் இளைஞர்கள் வேலையைப் பெரும்பாலும் தனியாகவே தேடுகின்றனர்.

குழுவாகத் தேடுவதன் பயனை அமெரிக்க உளவியலாளர் நாதன் அஸ்ரினும் அவருடைய குழுவினரும் 1975இல் வெளியிட்ட ஆய்வில் நிறுவினர். வேலை தேடுவோர் நாள்தோறும் ஒன்றுகூடி, தகவல்களைப் பகிர்ந்து, ஒருவர் விண்ணப்பத்தை மற்றவர் திருத்தி, நேர்காணல் ஒத்திகை பார்த்தனர். அவ்வாறு தேடியவர்கள் தாமாகத் தேடியவர்களைவிட விரைவில் வேலை பெற்றனர். நான்கைந்து நண்பர்கள் வாரம் இருமுறை கூடினால் இதைச் செய்ய முடியும். செலவு ஏதுமில்லை.

தகவல் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் வெளியிட்ட கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களை ஆராய்ந்தார். தகவல் தந்தவரை அடிக்கடி சந்தித்து வந்ததாகக் கூறியவர்கள் 16.7 சதவீதம் பேர் மட்டுமே. ஏனையோர் எப்போதாவதோ அரிதாகவோ சந்திப்பவரிடமிருந்தே தகவலைப் பெற்றிருந்தனர். நெருங்கிய நண்பர்களுக்கு நமக்குத் தெரிந்ததே தெரியும். தூரத்து அறிமுகங்களே புதிய இடங்களின் செய்தியைக் கொண்டுவருகின்றன. லிங்க்ட்இன் தளத்தின் ஏறத்தாழ 2 கோடி பயனர்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2022இல் வெளியான ஆய்வும் ஓரளவு தளர்வான தொடர்புகளே வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவுவதாகக் காட்டியது.

குடும்பத்தில் முதல் பட்டதாரியாக இருப்பவருக்கு அத்தகைய அறிமுகங்கள் பிறப்பால் அமைவதில்லை. அவற்றை அவர் முயன்று உருவாக்க வேண்டியிருக்கிறது. கல்லூரியில் தனக்கு இரண்டு ஆண்டுகள் முன்னால் படித்தவர், முன்னாள் ஆசிரியர், ஊரிலிருந்து நகரத்துக்குப் பணிக்குச் சென்றவர் ஆகியோரை அணுகும்போது வேலை கேட்பதைவிட, அவர்களுடைய பணியின் தன்மை என்ன, அதற்கு எவ்வாறு தயாராவது என்று கேட்பது எளிது. அத்தகைய கேள்விக்குப் பலர் மனமுவந்து பதிலளிப்பர்.

ஒரே கதவின் முன் நிற்கலாமா?

அரசுப் பணிக்கு முயல்வதில் தவறில்லை. முடிவுத் தேதியை வகுக்காமல் முயல்வதே இழப்பை உண்டாக்குகிறது. குடிமைப் பணித் தேர்வில் பொதுப் பிரிவினருக்கு 32 வயதும் ஆறு முறையும் உச்சவரம்பு. ஆனால், உச்சவரம்பு வரை முயன்றே தீர வேண்டும் என்ற கட்டாயமில்லை. எத்தனை முயற்சிகள், எந்த வயது வரை என்பதை முதல் தேர்வுக்கு முன்பே குடும்பத்துடன் பேசி முடிவு செய்வது, தோல்விக்குப் பின் முடிவெடுப்பதைவிட எளிது.

தேர்வுக்குத் தயாராகும் காலத்திலேயே இணைவழி ஒன்றைத் திறந்து வைப்பதும் இயலக்கூடியதே. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் பட்டதாரிகளும் பட்டயதாரிகளும் உதவித்தொகையுடன் பயிற்சி பெறலாம். 2019இல் திருத்தப்பட்ட விதிகள் பட்டதாரிகளுக்கு மாதம் குறைந்தபட்சம் ரூ.9,000 என நிர்ணயித்தன. தொகை சிறிதே. ஆயினும், சுயவிவரக் குறிப்பில் வெற்றிடமாக நிற்கக்கூடிய ஓராண்டை அது அனுபவமாக மாற்றுகிறது. மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவை இணையதளத்தில் 2015 முதல் கட்டணமின்றிப் பதிவு செய்ய முடிகிறது. குடிமைப் பணித் தேர்வு உள்ளிட்டவற்றில் இறுதிக் கட்டம் வரை சென்று வாய்ப்பை இழந்தவர்களில் விருப்பம் தெரிவிப்போரின் விவரங்களைப் பிற நிறுவனங்கள் காண யுபிஎஸ்சி 'பிரதிபா சேது' என்ற தளத்தை ஏற்படுத்தியுள்ளது.

அவசரத்தைக் குறிவைக்கும் மோசடி

தேடல் நீளும்போது எச்சரிக்கை தளர்வது இயல்பு. மோசடியாளர்கள் எதிர்பார்ப்பதும் அதையே. தகவல் தொழில்நுட்ப வேலை என்ற பெயரில் தென்கிழக்கு ஆசியாவுக்கு அழைத்துச் செல்லப்பட்டு, இணைய மோசடி மையங்களில் அடைக்கப்பட்ட இந்தியர்களில் 549 பேர் 2025 மார்ச்சில் தாய்லாந்திலிருந்து விமானப்படை விமானங்களில் தாயகம் அழைத்து வரப்பட்டனர்.

நேர்காணலின்றிப் பணி உறுதி, பதிவுக் கட்டணம், பயிற்சி வைப்புத்தொகை, சுற்றுலா விசாவில் பயணம் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் விலகிவிடுவதே அறிவுடைமை. வெளிநாட்டுப் பணியெனில், முகவர் உரிமம் பெற்றவரா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்க்கலாம். பணத்தை இழந்தவர்கள் 1930 என்ற எண்ணில் உடனடியாகப் புகார் அளிக்கலாம்.

அரசின் பொறுப்பு

இளைஞர் எவ்வளவு முறையாகத் தேடினாலும், இல்லாத வேலையைக் கண்டெடுக்க முடியாது. 2030 வரை ஆண்டுதோறும் சராசரியாக 78.5 லட்சம் வேளாண்சாரா வேலைகள் உருவாக வேண்டும் என்று 2023-24 பொருளாதார ஆய்வறிக்கை மதிப்பிட்டது. முதன்முறையாகப் பணியில் சேர்பவர்களுக்கு ரூ.15,000 வரை ஊக்கத்தொகை அளிக்கும் திட்டம் 2025 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஐந்தாண்டுகளில் ஒரு கோடி இளைஞர்களுக்குப் பெருநிறுவனங்களில் உள்ளகப் பயிற்சி அளிக்கும் பிரதமரின் திட்டமும் உள்ளது. ஆனால், அத்திட்டத்தின் முன்னோட்ட முதற்சுற்றில் 82,000க்கும் அதிகமான வாய்ப்புகள் வழங்கப்பட்டும், ஏறத்தாழ 28,000 பேரே ஏற்றனர்; சேர்ந்தவர்கள் அதனினும் மிகக் குறைவு. பணியிடத்தின் தொலைவும் பயிற்சிக் காலத்தின் நீளமும் காரணங்களாகக் கூறப்பட்டன. மாதம் ரூ.5,000 உதவித்தொகையில் அயல் நகரில் தங்கிப் பயில்வது ஏழைக் குடும்பத்து இளைஞருக்கு எளிதன்று என்பது இதிலிருந்து புலனாகிறது.

வினாத்தாள் கசிவுக்கு எதிரான சட்டம் 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்துள்ளது. அத்துடன், அறிவிப்பு முதல் நியமனம் வரை ஒவ்வொரு தேர்வுக்கும் காலக்கெடு வகுத்து அதைக் கடைப்பிடிப்பதும் அரசின் கடமையாகும். முடிவு எப்போது வரும் என்று தெரியாத நிலையில், எந்த இளைஞராலும் மாற்றுவழியைத் திட்டமிட இயலாது.

நீண்ட தேடலால் மனச்சோர்வு ஆழ்ந்து, உறக்கமும் உணவும் கெடும் நிலையில் உள்ளவர்கள் 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துப் பேசலாம். குடும்பத்தினருக்கும் இதில் பங்குண்டு. நாள்தோறும் 'முடிவு வந்ததா?' என்று கேட்பதற்குப் பதிலாக, 'இந்த வாரம் என்ன கற்றாய், யாரைச் சந்தித்தாய்?' என்று கேட்டால், அந்த இளைஞரால் பதில் சொல்ல முடியும்.