லிங்காயத்துகளைத் திட்டுவதற்கு முன் நம்ம பந்தியைப் பார்ப்போம்

கொஞ்சம் நீளமான பதிவு. முழுசா படிச்சிட்டு அப்புறம் திட்டுங்க.

போன வாரம் நம்ம கோயில் வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு செய்தி சுற்றியது. கர்நாடகா லிங்காயத்துகள் கோயிலே வேண்டாம் என்பவர்களாம், தனி மதம் கேட்டு நம்மைப் பிரித்தவர்களாம், அவர்கள் பேச்சைச் சமய வகுப்பில் எடுக்கவே கூடாதாம். பிள்ளைகளுக்குப் பசவண்ணர் கதை சொன்னது தொண்டூழியர்களாகிய நாங்கள்தான். பதிலையும் நாங்களே சொல்றோம்.

முதலில் அந்த "நம்ம ஆளுங்க இல்ல" பேச்சு. நாம் குருபூசை எடுக்கிற அறுபத்துமூவரைத்தான் அவர்கள் 'புராதனர்' என்று வணங்குகிறார்கள். நம் நாயன்மார் கதைகளை ஹரிஹரன் என்ற புலவர் கன்னடத்தில் பாடி வைத்திருக்கிறார். இந்தப் பக்கம் பாருங்க. நால்வர் நான்மணிமாலை பாடிய துறைமங்கலம் சிவப்பிரகாசர் ஒரு வீரசைவர். சாமரசன் கன்னடத்தில் எழுதிய அல்லமப் பிரபுவின் கதையைப் 'பிரபுலிங்க லீலை' என்று தமிழுக்குக் கொண்டுவந்தவரும் அவரே. மயிலம் முருகன் கோயிலை நடத்தும் பொம்மபுர ஆதீனம் வீரசைவ மடம். ஊருக்குப் போனப்போ மயிலத்தில் அர்ச்சனை பண்ணி இங்கே படம் போட்டவங்களும் அந்தச் செய்தியை அனுப்பியிருக்காங்க. சிரிக்கிறதா அழுறதா தெரியல.

அடுத்து, கோயில் வேண்டாம் என்ற விஷயம். ஆமாம், லிங்காயத்து தன் இஷ்டலிங்கத்தைக் கழுத்தில் அணிகிறார். இடது உள்ளங்கையில் வைத்துத் தானே பூசை செய்கிறார். நடுவில் அர்ச்சகர் கிடையாது. தேர் இழுத்து, கோபுர நிதிக்கு டிக்கெட் வித்த கை எங்களுடையது. கோயில் வேண்டாம்னு நாங்க சொல்ல மாட்டோம். ஆனா அந்த லிங்கம் ஏன் கழுத்துக்கு வந்தது? 12ஆம் நூற்றாண்டில், இன்று பீதர் மாவட்டத்தில் இருக்கும் பசவகல்யாணில், பிஜ்ஜளன் அரசவையில் பசவண்ணர் அதிகாரியாக இருந்தார். அவரைச் சுற்றி வந்து உட்கார்ந்தவர்கள் யார்? செருப்புத் தைக்கிற ஹரளய்யா, தோல் பதனிடுகிற கக்கய்யா, படகோட்டி சௌடய்யா, துணி வெளுக்கிற மாச்சய்யா. அவர்கள் கூடிய அனுபவ மண்டபத்துக்கு அல்லமப் பிரபு தலைவர். அக்கமகாதேவி அங்கே வந்து சரிக்குச் சரியாக வாதாடினார். இதில் எத்தனை பேருக்கு அன்றைய கோயில் கதவு திறந்திருக்கும்? கதவைச் சாத்தினவனை விட்டுட்டோம். வெளியே நின்னவன் கழுத்தில் லிங்கம் கட்டிக்கிட்டது மட்டும் நமக்குக் குத்தமாத் தெரியுது.

ஹரளய்யாவின் மகனுக்கும் பிராமணரான மதுவரசரின் மகளுக்கும் திருமணம் நடந்தது. அதற்காக இரண்டு தகப்பன்மாரையும் கொன்றார்கள். கல்யாண நகரம் கலவரமாகிச் சரணர்கள் ஊர் ஊராகச் சிதறினார்கள். இதைத்தான் பிள்ளைகளுக்குச் சொன்னோம். தப்பா?

இன்னொரு கதையும் சொன்னோம். ஆய்தக்கி லக்கம்மா. 'ஆய்தக்கி' என்றால் பொறுக்கி எடுத்த அரிசி, நாம கீரை ஆய்வது போல. கணவர் மாரய்யா பசவண்ணர் வீட்டு முற்றத்தில் சிந்திய அரிசியைப் பொறுக்கி வருவார், அதைச் சமைத்து அடியாருக்கும் படைப்பார்கள். ஒருநாள் அவர் வழக்கத்தைவிட அதிகமாகக் கொண்டுவந்தார். லக்கம்மா சமைக்கவில்லை. இன்றைக்குத் தேவையானதுக்கு மேலே இருப்பது நமக்கெதுக்கு, கொண்டுபோய்ப் போட்ட இடத்திலேயே போட்டுட்டு வாங்கன்னு திருப்பி அனுப்பிட்டார். உழைப்பு காயகம். அதில் வந்ததைப் பகிர்ந்து படைப்பது தாசோகம். லிங்காயத்து அடிப்படையே இந்த இரண்டில் நிற்கிறது.

அந்தத் தாசோகம் ஏட்டோடு நின்றுவிடவில்லை. தும்கூரு சித்தகங்கா மடத்தில் சுமார் 10,000 பிள்ளைகள், எந்தச் சாதி, எந்த மதம் என்று பார்க்காமல், இலவசமாகத் தங்கி, சாப்பிட்டு, படிக்கிறார்கள். மடத்தின் சிவகுமார சுவாமிகள் 2019 ஜனவரியில் 111 வயதில் காலமானார். பிள்ளைகள் மதியச் சாப்பாடு முடித்த பிறகே தன் மரணத்தை அறிவிக்க வேண்டும் என்று அவர் சொல்லி வைத்திருந்ததாகச் செய்திகளில் வந்தது. அப்படியே செய்தார்கள்.

இப்போ நம்ம பந்திக்கு வாங்க. திருவிழா அன்னதானத்தில் வி.ஐ.பி.க்குத் தனி மேசை, வெள்ளைத் துணி, பாட்டில் தண்ணீர். அவங்க பேச்சு முடியிற வரைக்கும் தேவாரம் பாடிய பிள்ளைகள் தட்டோடு வெயிலில் நிக்குது. இதை நம்ம கண்ணால் பார்த்தோம். ஒருத்தர்கூட வாட்ஸ்ஆப்பில் கொதிக்கல.

அமைப்பு நடத்துவது எப்படின்னும் அவங்ககிட்ட படிக்கலாம். 1904லேயே ஹானகல் குமார சுவாமிகள் அகில இந்திய வீரசைவ மகாசபையைத் தொடங்கினார். 1916ல் பெல்காமில் ஏழு ஆசிரியர்கள் சேர்ந்து ஆரம்பித்த பள்ளிதான் இன்றைய கே.எல்.இ. சங்கம். கல்லூரி, மருத்துவமனை என்று வளர்ந்து நிற்கிறது. பிஜாப்பூர் வக்கீல் ஹளகட்டி வீடு வீடாக ஏறிச் சுவடி சேர்த்து 1923ல் வசனங்களை அச்சில் கொண்டுவந்தார். நம்ம கோயில் ஆரம்பித்த காலத்துக் கூட்டக் குறிப்பேடு எங்கேன்னு கேட்டா, ஸ்டோரில் கரையான் அரித்துப் போச்சுன்னு பதில் வருது.

அவங்களும் சுத்தம் இல்ல, ஒத்துக்கிறோம். சாதி வேண்டாம்னு எழுந்த கூட்டம் இன்றைக்குப் பஞ்சமசாலி, பணஜிகா, ஜங்கமர் என்று உட்பிரிவு பார்த்துப் பெண் எடுக்குது. ஹரளய்யா திருமணத்துக்காக உயிர் போன இயக்கம் அது. வீரசைவம் வேறு, லிங்காயத்து வேறு என்று சொந்தத்துக்குள்ளேயே அடிச்சிக்கிறாங்க. 2018 மார்ச்சில் கர்நாடக அரசு தனி மதத் தகுதிக்குப் பரிந்துரைத்தது, மத்திய அரசு ஏற்கவில்லை. தேர்தலுக்குச் சில வாரம் முன்னால் நடந்ததால், அதில் பசவண்ணர் எவ்வளவு, ஓட்டு எவ்வளவு என்று அங்கேயே கேட்டார்கள். அவங்க இந்துவா இல்லையா என்பதை அவங்க பேசி முடிக்கட்டும். இங்கே உட்கார்ந்து தீர்ப்பு சொல்ல நாம யாரு? சித்தகங்காவில் அடுப்பு எரியுது. அதைப் பார்த்துக் கத்துக்க யார்கிட்டயும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

வரும் ஞாயிறு சமய வகுப்பு வழக்கம்போல் காலை 9 மணிக்கு. அக்கமகாதேவி கதை. பெற்றோரும் வந்து உட்காரலாம், அந்தச் செய்தியை அனுப்பின அண்ணனும் கண்டிப்பா வரணும். திருவிழாப் பந்தியில் தனி மேசை போட வேண்டாம்னு நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்திருக்கோம். பதில் இன்னும் வரல. பரிமாறுற கரண்டி எங்க கையில்தான் இருக்கு. முதல் வரிசை பிள்ளைகளுக்கு.

ஓம் நமசிவாய.