ஜன்னல் வழியே பார்த்தால் போதுமா?

திருப்பரங்குன்றத்துப் பெண்களாகிய எங்களுக்கு மழை என்றால் தென்கால் கண்மாய் நிறைவதுதான். கார்த்திகை மழையில் வேளாங்கண்ணியிலிருந்து புதுச்சேரிக்குக் கடலோரமாகப் பஸ்ஸில் சென்றபோதும் கைதட்டி ஆர்ப்பரித்தோம். நாகப்பட்டினத்தருகே படகுகள் வரிசையாகக் கரையேறிக் கிடந்தன. "எவ்வளவு அழகு!" என்றோம். படகு இறங்காத நாளில் அவ்வீடுகளில் வரும்படி இல்லை என்று சிஸ்டர் சொன்னதும் வாயடைத்துப் போனோம். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இம்மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் வாரிச் சென்றது. 2018 நவம்பரில் கஜா புயலும் இக்கரையைத்தான் தாக்கிற்று.

தரங்கம்பாடியிலும் பஸ் நிற்கவில்லை. டேனியர் 1620-இல் கோட்டை கட்டத் தொடங்கிய ஊர். சீகன்பால்கு தமிழில் பெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் அச்சேறிய ஊர். நாங்கள் கண்டதோ பெயர்ப் பலகை மட்டுமே! இருட்டுமுன் புதுச்சேரி சேர வேண்டுமாம். அங்கே கடைத்தெருவில் வளையலுக்கும் மணிமாலைக்கும் இரண்டு மணி நேரம் செலவிட்டோம். (நாங்களும் வாங்கினோம், மறுக்கவில்லை.)

அடுத்த ஆண்டு அதில் ஒரு மணி நேரத்தைக் குறைத்து, கடலோர ஊர் ஒன்றில் எங்கள் தங்கைகளை இறக்கிவிட வேண்டும் என்பதே எங்கள் கருத்து. நனைந்தால் காய்ச்சல் வரும் என்பார்கள் அம்மாமார். அந்த ஊர்ப் பிள்ளைகள் அதே மழையில்தான் புத்தகப் பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு பள்ளிக்கு நடந்து போனார்கள்.