ஜீப் வந்து நின்றால் யாருக்கு மூச்சு நிற்கிறது?

திகில் படம் எதனால் ஓடுகிறது, எதனால் படுத்துவிடுகிறது என்று கேட்டால் நமது விமர்சகர்கள் உடனே ஒரு பட்டியலை நீட்டுவார்கள். வேகமான திரைக்கதை, யாரும் எதிர்பாராத திருப்பம், பின்னணி இசை, இருட்டு, மழை. பாட்டு வந்தால் படம் கெட்டுவிடும் என்பார்கள். பாட்டே இல்லாமல் 1954இல் எஸ். பாலசந்தர் எடுத்த 'அந்த நாள்' வந்தபோது பெரிதாக ஓடவில்லையே என்றால், 'அந்தக் காலத்து ஜனங்களுக்குப் புரியல' என்று முடித்துக்கொள்வார்கள். பழி எப்போதும் ஜனங்கள் மேல்தான். கொட்டகையில் உட்கார்ந்திருப்பவர் யார், அவர் வாழ்க்கையில் எதைக் கண்டு பயந்து பழகியவர் என்ற கேள்வி மட்டும் இந்தப் பட்டியலில் ஒருபோதும் வராது.

ஹிட்ச்காக் 1962இல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுக்குக் கொடுத்த நீண்ட பேட்டியில் ஓர் உதாரணம் சொல்கிறார். இரண்டு பேர் மேசையருகில் உட்கார்ந்து சும்மா பேசிக்கொண்டிருக்கிறார்கள். மேசைக்கடியில் வெடிகுண்டு. நமக்குத் தெரியாமல் அது வெடித்தால் சில நொடி அதிர்ச்சி, அவ்வளவுதான். குண்டு இருப்பது நமக்குத் தெரிந்து, அந்த இரண்டு பேருக்கும் தெரியாமல் இருந்தால் கால்மணி நேரப் பதற்றம். ஆக, பார்வையாளருக்குத் தெரியவைப்பதில்தான் பதற்றம் பிறக்கிறது. நம்மூர்ப் படங்கள் பலவும் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. எல்லாவற்றையும் மறைத்து வைத்துக்கொண்டு, கடைசி இருபது நிமிடத்தில் அதுவரை காட்டாத ஒருத்தனை இழுத்துவந்து 'இவன்தான் அவன்' என்கின்றன. பிறகு அவனுக்கு ஒரு ஃப்ளாஷ்பேக். நான் வங்கிக் கவுண்டரில் பணம் எண்ணுகிறவன். கள்ளநோட்டு கண்ணுக்குச் சரியாகத்தான் இருக்கும், விரல் பட்டால் தெரிந்துவிடும். இந்தத் திருப்பங்களும் அப்படித்தான். படம் விட்டு வெளியே வந்து டீ குடிக்கும்போதே 'அது எப்படிப்பா அவன் அங்க வந்தான்?' என்று ஆரம்பித்துவிடுகிறது.

ஆனால் ஹிட்ச்காக்கோடு நாம் நின்றுவிட முடியாது. குண்டு என்றால் எல்லோருக்கும் குண்டுதான். போலீஸ் ஜீப் அப்படியா? வெகுசனத் திகில் படத்தில் ஆபத்தின் உச்சத்தில் சைரன் கேட்கும், ஜீப் வந்து நிற்கும். அத்தோடு பயம் தீர்ந்துவிட்டது என்பது இயக்குநரின் கணக்கு. திருவண்ணாமலைக் கொட்டகையில் இந்தக் கணக்கு எல்லா வரிசைக்கும் பொருந்துவதில்லை. ஜீப்பைப் பார்த்ததும் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறவர்களும் இருக்கிறார்கள். எங்கள் தெருவிலிருந்து போனவர்களோ ஜீப்பைப் பார்த்தால்தான் நிமிர்ந்து உட்காருகிறார்கள். 'போலீஸ் வந்தா அவங்களுக்குக் கதை முடிஞ்சிடுது, நமக்கு அங்கதான் ஆரம்பிக்குது.' பொதுப்புத்தி 'பார்வையாளர்' என்று ஒற்றை ஆளைக் கட்டமைக்கிறது. அந்த ஆளுக்குக் காவல் நிலையம் பாதுகாப்பான இடம். அவருக்காகச் செய்யப்பட்ட முடிவு நமக்குச் சப்பென்று இருந்தால் அது நம் ரசனைக் குறைவல்ல.

இந்த இடத்தில்தான் வெற்றிமாறனின் 'விசாரணை' முக்கியமாகிறது. மு. சந்திரகுமார் தன் சொந்தச் சிறை அனுபவத்தை எழுதிய 'லாக்கப்' நூலை அடிப்படையாகக் கொண்டது. 2015இல் வெனிஸ் விழாவில் காட்டப்பட்டு 2016 பிப்ரவரியில் இங்கே வெளியானது. இதிலும் பாட்டு கிடையாது. குண்டூரில் பிழைக்கப்போன தமிழ்க் கூலித் தொழிலாளர்களைச் செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி அடிக்கிறார்கள். தப்பித்தோம் என்று தமிழ்நாட்டு போலீசோடு அவர்கள் வண்டியேறும்போதுதான் இரண்டாவது கதை தொடங்குகிறது. பார்க்கக்கூடாததைப் பார்த்துவிட்டார்கள் என்பது நமக்குத் தெரிகிறது. தாங்கள் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. ஹிட்ச்காக்கின் மேசை அப்படியே இருக்கிறது, குண்டு மட்டும் காக்கி உடுத்தியிருக்கிறது. என்னோடு வேலை செய்யும் ஒருவர் இந்தப் படத்தைப் பாதியில் எழுந்து வந்துவிட்டார். 'ஞாயித்துக்கிழமை அதுவுமா எதுக்கு சார் இதெல்லாம்?' என்றார். அதே மனிதர் சிறுமிகளை வரிசையாகக் கொல்லும் படத்தை இரண்டுமுறை பார்த்தவர். ரத்தம் அவருக்குப் பிரச்சினையில்லை. ஓடி ஒளிய அவர் நம்பி வைத்திருந்த இடத்திலிருந்தே ரத்தம் வருவதுதான் பிரச்சினை.

2018இல் ஒரு வார இடைவெளியில் இரண்டு படங்கள் வந்தன. செப்டம்பர் 28இல் மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்', அக்டோபர் 5இல் ராம்குமாரின் 'ராட்சசன்'. இரண்டாவது, தொழில்ரீதியாக மிகச் சுத்தமான திகில் படம். கடத்தப்பட்ட பிள்ளை இன்னும் எத்தனை நேரம் உயிரோடிருக்கும் என்ற கணக்கை நம் மடியில் வைத்துவிட்டு ஓடுகிறது. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் கொலைகாரன் யார் என்று விளக்க வரும்போது படம் இறங்கிவிடுகிறது. நோயால் உருவம் மாறிப்போன, பள்ளியில் கேலிக்குள்ளான ஒரு பையன். நம்மைப் போல் இல்லாத உடம்பைப் பார், அங்கேதான் கேடு இருக்கிறது என்று காட்டிவிட்டு நம்மை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்புகிறது.

'பரியேறும் பெருமாள்' தன்னைத் திகில் படம் என்று சொல்லிக்கொள்ளவில்லை. ஆனாலும் அதில் வரும் அந்தப் பெரியவரைப்போல் என்னை நடுங்கவைத்த கொலைகாரர் தமிழ் சினிமாவில் இல்லை. வேட்டி கட்டிய, சாதாரணமாகப் பேசுகிற கிழவர். கொலையை விபத்துபோல, தற்கொலைபோல முடித்துவிட்டு நடந்துபோகிறார். சாதிக்காகச் செய்யும் சேவை என்று நினைக்கிறார். அவர் யார் என்பதைப் படம் முதலிலேயே நமக்குக் காட்டிவிடுகிறது, பரியனுக்குக் காட்டவில்லை. பிறகு அவர் பரியனைத் தேடி வரும்போது இசையே தேவைப்படவில்லை. படம் முடிந்தபின் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெரியவரைத் திரும்பிப் பார்க்கவேண்டியிருக்கிறது. இவருக்கு ஃப்ளாஷ்பேக் கிடையாது. ஊரே இவருடைய ஃப்ளாஷ்பேக்.

நம் பக்கம் நிற்கும் படம் என்பதாலேயே திகில் வந்துவிடுமா? வராது. 1993இல் நடந்த ராஜாக்கண்ணு காவல் கொலை வழக்கை எடுத்துக்கொண்ட 'ஜெய் பீம்' (2021) முதல் பாதியில் நம்மை உட்காரவிடாது. நடந்தது என்ன என்று தெரிந்தவர்களும் பதறுகிறோம். வழக்கறிஞர் வந்தபின் அந்தப் பதற்றம் தளர்கிறது. அவர் தோற்கமாட்டார் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. மீண்டும் மூச்சைப் பிடிக்கவைப்பவள் செங்கேணிதான். ஜீப்பில் ஏற மறுத்து மகளோடு அவள் நடக்க, போலீஸ் வண்டி பின்னால் ஊர்ந்து வருகிறதே, அந்தக் காட்சி. தோற்கக்கூடிய ஆள் ஒருத்தர் இருந்தால்தான் திகில் இருக்கும்.

'அப்படியென்றால் போலீஸ் எல்லாம் வில்லன் என்று எடுத்தால் போதுமா?' என்று ஒரு மாணவத் தோழர் கேட்டார். போதாது. அதுவும் ஒரு சூத்திரமாகிவிடும். நம் மாவட்டத்துத் தென்முடியனூரில் 2023 ஜனவரி 30 அன்று, பல பத்தாண்டுகளாக மறுக்கப்பட்ட முத்துமாரியம்மன் கோயிலுக்குள் நம் மக்கள் நுழைந்தபோது சுற்றிலும் காவலுக்கு நின்றதும் காக்கிதான். பயம் எங்கே இருக்கிறதென்றால், வந்து நிற்கிற ஜீப் எந்த ஜீப் என்று முன்கூட்டித் தெரியாததில் இருக்கிறது. கதவு திறந்து பூட்ஸ் கால் தரையில் படும்வரை உள்ள அந்த இரண்டு நொடியை நம்மவர்கள் எத்தனையோ தலைமுறையாக அறிவார்கள். தமிழ் சினிமா அதை இன்னும் சரியாக எடுக்கவில்லை.

கையில் செல்போனை வைத்துக்கொண்டு குறும்படம் எடுக்கிற தம்பி தங்கைகளுக்கு இதைத்தான் சொல்லத் தோன்றுகிறது. கொரியப் படத்திலிருந்து திருப்பத்தை இறக்குமதி செய்ய வேண்டாம். உங்கள் தெருவில் ராத்திரி பதினொரு மணிக்கு வண்டிச் சத்தம் கேட்டால் எந்தெந்த வீட்டில் விளக்கு அணைகிறது, எந்த வீட்டில் அம்மா எழுந்து வாசலுக்கு வருகிறாள் என்று முதலில் எழுதிப்பாருங்கள். திரைக்கதையை அங்கிருந்து தொடங்கலாம்.