தோத்ததுக்கு அம்பது ரூபாய்

வரைவு விதிகளின் மீது 2025 அக்டோபர் 31க்குள் கருத்து அனுப்பச் சொல்லியிருந்தது மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம். 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்துக்கான விதிகள் இவை. சட்டமே செல்லுமா என்ற வழக்குகள் உயர் நீதிமன்றங்களிலிருந்து உச்ச நீதிமன்றத்துக்கு மாறிவிட்டன. தீர்ப்பு வரட்டும் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்க, பலகையாட்டத் தளம் நடத்தும் நமக்கு வழியில்லை. இந்த மாதச் சர்வர் வாடகையை இந்த மாதமே கட்டியாக வேண்டும்.

எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். காசு கட்டி ஆடிக் காசு ஜெயிக்கும் ஆட்டங்களுக்குப் பூட்டுப் போட்டதில் இந்த இதழுக்கு வருத்தமில்லை. ரம்மிக் கடனில் உயிரை விட்டவர்களைப் பார்த்துவிட்டுத்தான் 2022லேயே தனிச்சட்டம் கொண்டுவந்த மாநிலம் தமிழ்நாடு. நம் மனக்குறை வேறு. ஆடுகிறவர்கள் தரும் காசில்தான் பலகையாட்டத் தளங்கள் ஓடுகின்றன. அந்தக் காசில் எது சரி, எது தப்பு என்பதைச் சட்டம் பாதி சொல்லி, மீதியை வங்கிக்காரர்களின் ஊகத்துக்கு விட்டிருக்கிறது.

திறமையா, அதிர்ஷ்டமா என்று இத்தனை காலம் நடந்த வாதத்துக்கு இனி வேலையில்லை. இரண்டில் எதுவானாலும் பணப்பந்தயம் என்றால் தடை என்று வரையறையே சொல்லிவிட்டது. அப்படியானால் மிச்சமிருப்பது ஒரே கேள்விதான்: கொடுத்த காசு எதற்காகக் கொடுத்தது? இந்தக் கேள்வி புதிதல்ல. செகந்தராபாத் கிளப் ஒன்றின் ரம்மி வழக்கில் 1967லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தொட்டிருக்கிறது. சீட்டாட உட்காருகிறவர்களிடம் கிளப் கூடுதலாக ஒரு கட்டணம் வாங்கியதால் மட்டுமே அது சூதாட்ட விடுதி ஆகிவிடாது என்றது. மேசைக்குக் கொடுக்கும் கூலி வேறு, மேசைமேல் வைக்கும் காசு வேறு. நம் தொழிலுக்கு வேண்டிய நியாயம் முழுவதும் அதற்குள் இருக்கிறது.

புதிய சட்டம் ‘சமூக விளையாட்டு’ என்ற தலைப்பின்கீழ் சந்தாவையும் ஒருமுறைக் கட்டணத்தையும் வெளிப்படையாக அனுமதிக்கிறது. போர்டு கேம் அரீனா என்ற பலகையாட்டத் தளத்தில் ஒருவர் சந்தா கட்டி மேசையைத் திறந்தால் மற்றவர்கள் இலவசமாக உட்காரலாம். ஃபவுண்ட்ரி என்ற கதையாட்ட மென்பொருளில் ஆட்டத்தை நடத்துகிறவர் ஒருமுறை உரிமம் வாங்கினால் போதும். இரண்டுக்கும் நம் ஊரில் இப்போது தடையில்லை. ஆனால் ‘சந்தாதாரர்களுக்கு மட்டும் பரிசுப் போட்டி’ என்று அறிவித்துவிடாதீர்கள். அந்த நிமிடமே சந்தா பந்தயப் பணமாகப் படிக்கப்படும். 30 ரூபாய் நுழைவுக் கட்டணம் வாங்கி 1,000 ரூபாய் பரிசு தரும் பொங்கல் போட்டியையும் நிறுத்தி வையுங்கள். இ-ஸ்போர்ட்ஸ் என்ற வாசல் வழியே போகலாமே என்றால், தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டத்தின் அங்கீகாரமும் ஆன்லைன் விளையாட்டு ஆணையத்தின் பதிவும் வேண்டும். பல்லாங்குழிக்கு அந்த அங்கீகாரம் வாங்கி வருகிறவருக்கு இந்த இதழின் ஆயுள் சந்தா இலவசம். காசு கொடுத்து வாங்கும் நாணயம், வில்லை எல்லாம் ‘பிற பந்தயப் பொருள்’ என்ற சொல்லுக்குள் விழக்கூடியவை. ஆடுகிறவர்கள் தங்களுக்குள் அவற்றைக் கைமாற்றவோ காசாக்கவோ வழி வைத்திருந்தால் இன்றே அடைத்துவிடுங்கள்.

இனி, சட்டம் பேசாத மூன்றாவது வழிக்கு வருவோம். கைம்மாறு எதிர்பாராமல் தரும் காசு.

லிசெஸ் என்ற சதுரங்கத் தளம் இதில்தான் ஓடுகிறது. பிரான்சில் பதிவான லாபநோக்கற்ற சங்கம் அது. காசு கொடுத்தவருக்கும் கொடுக்காதவருக்கும் ஒரே வசதிகள்தான். கொடுத்தவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இறக்கை மட்டும் முளைக்கும். நம் கோயில் டியூப்லைட்டில் ‘உபயம்’ என்று எழுதுகிறோமே, அதேதான். வெளிச்சத்தை மறைக்காத அளவுக்கு எழுதியிருக்கிறார்கள் என்பது கூடுதல் நாகரிகம். இப்படிப் பெயர் போட்டு வாங்கும் நன்கொடைக்கு ஜிஎஸ்டி உண்டா என்று கேட்டு மாதம் இரண்டு கடிதமாவது வருகிறது. 2019 அக்டோபர் 11 தேதியிட்ட 116/35/2019 ஜிஎஸ்டி சுற்றறிக்கையைப் படியுங்கள். கோயில் வளாகத்தில் தந்தையின் நினைவாக என்று கொடையாளி பெயர் எழுதுவதையே அது எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. நன்றிக்காகப் பெயர் போட்டால் வரி இல்லை, விளம்பரமானால் உண்டு. ஆனால் அது பேசுவது அறநிறுவனங்களைப் பற்றி. தனிநபராகத் தளம் நடத்துகிறவர்கள் அதையே கேடயமாகப் பிடித்துக்கொள்ள முடியாது. ஆண்டு வரவு 20 லட்சத்துக்குக் கீழே இருக்கும் வரை அந்தக் கவலையும் நம்மில் பலருக்குத் தேவையில்லை.

வரியைவிடப் பெரிய தலைவலி, காசு உள்ளே வரும் வாசல்.

தர்மபுரியிலிருந்து நாங்கள் நடத்தும் ஆடுபுலித் தளத்தைப் பழைய வாசகர்கள் அறிவார்கள். மூன்று புலி, பதினைந்து ஆடு, இருபத்து மூன்று புள்ளி. விளம்பரம் கிடையாது, பரிசு கிடையாது. பிடித்திருந்தால் காசு போடுங்கள் என்று கீழே ஒரு யூபிஐ பொத்தான். இந்த மாவட்டத்தில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற வீடுகள் நிறைய உண்டு என்பதால் மூன்று மொழியிலும் பெயர் எழுதினோம். தெலுங்கில் இந்த ஆட்டத்துக்கு ‘புலி ஜூதம்’ என்று ஒரு பெயர். ஜூதம் என்றால் சூது.

செப்டம்பரில் ஒரு நாள் காலை எங்கள் பேமென்ட் கேட்வே கணக்கு முடங்கிக் கிடந்தது. ‘அதிக ஆபத்துள்ள வணிகம்’ என்று ஒருவரி மின்னஞ்சல். நான்கு நாள் முயன்று ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தேன். பொறுமையான பிள்ளை. “சார், உங்க ஆப் பேர்லயே கேம்ப்ளிங்னு இருக்கே” என்றார். விளக்கினேன். “சரி சார், இது என்ன?” என்று பரிவர்த்தனைக் குறிப்புகளை ஒவ்வொன்றாகப் படித்தார். இருபது ரூபாய்: ‘மூணு புலியையும் அடைச்சாச்சு’. பத்து ரூபாய்: ‘ஆடு பொழைச்சதுக்கு’. ஐம்பது ரூபாய்: ‘தோத்ததுக்கு அம்பது’. கடைசியாகச் சொன்னது பென்னாகரத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவருடையது. பேத்தியிடம் தோற்கும்போதெல்லாம் தளத்துக்கு ஐம்பது ரூபாய் போடுவது அவர் வழக்கம். “தோத்தவங்க காசு கட்டறாங்கன்னுதானே சார் இதுல இருக்கு?” என்று கேட்டார் அந்தப் பிள்ளை. எனக்கு வாயடைத்துவிட்டது. எழுத்துப்படி பார்த்தால் அவர் சொல்வது சரிதான்!

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. பணப்பந்தய ஆட்டத்துக்கான பரிவர்த்தனைக்கு வங்கியோ வேறு யாருமோ துணைபோனால் மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம், பிணையில் வர முடியாத குற்றம் என்று எழுதி வைத்தால் எந்த நிறுவனம் ஐம்பது ரூபாய்க்காக ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கும்? வணிக வகை எண்ணில் டிஜிட்டல் விளையாட்டுக்கு 5816, பந்தயத்துக்கு 7995 என்று தனித்தனியே இருக்கத்தான் செய்கிறது. பயம் வந்துவிட்டால் இரண்டும் ஒன்றுதான்.

கோபம் அந்தப் பயத்தை உண்டாக்கியவர்கள்மேல்தான். இருபது ஆண்டுகளாக இந்தப் பக்கத்தில் ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருக்கிறேன் என்று கேலி செய்கிறவர்கள் செய்துகொள்ளட்டும். நம் மொழிகளில் ஆட்டத்துக்கும் சூதுக்கும் சொல் ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது. குறளின் 94ஆம் அதிகாரம் கடிவது பொருளை வைத்து ஆடுவதை; திண்ணையில் புளியங்கொட்டையை வைத்து ஆடுவதை அல்ல. இந்த வேறுபாடு திண்ணையில் இருந்த கிழவிகளுக்குத் தெரிந்திருந்தது. கோப்பு பார்க்கிறவர்களுக்குத்தான் தெரிவதில்லை. கீழடியில் தந்தப் பகடை கிடைத்தால் பண்பாட்டுப் பெருமை. அதே பகடையைத் திரையில் உருட்டினால் ஆபத்து வகை. தாயம், சொக்கட்டான், பரமபதம் என்று பெயர் கண்டாலே முகம் சுளிக்கிற அதிகாரிகளை எத்தனை அலுவலகங்களில் பார்த்தாயிற்று. பெயரை மாற்றி ‘டைகர் அண்ட் கோட்’ என்று வைத்துக்கொள்ளுங்களேன் என்று நல்லெண்ணத்தோடு சொன்னவர்களும் உண்டு. பெயரை மாற்றித்தான் பிழைக்க வேண்டும் என்றால் அந்தத் தளத்தை யாருக்காக நடத்துவது?

பெரிய கம்பெனிகளுக்கு வக்கீல் இருக்கிறார்கள். தலைநகர் வட்டாரத்தில் அமையும் ஆணையத்தின் படியேறவும் ஆள் இருக்கிறது. பாலக்கோட்டிலோ அரூரிலோ வேலை முடிந்து வந்து இரவு பத்து மணிக்குமேல் நிரல் எழுதுகிறவனுக்கு இருப்பது ஒரு பொத்தான்தான்.

வெளிநாட்டிலிருந்து வரும் காசு பற்றியும் ஒரு வார்த்தை. சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை பெற்ற தமிழர் சந்தா கட்டினால் அது சேவைக்கான விலை. அவரே நன்கொடை என்று அனுப்பினால் வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டம் குறுக்கே வரலாம். இந்தியக் கடவுச்சீட்டோடு அங்கே வேலை செய்கிறவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவதற்கு அந்தத் தொல்லையில்லை. பொத்தானை எல்லோருக்கும் ஒன்றாக வைக்காதீர்கள்.

அமைச்சகத்துக்கு நாங்கள் எழுதியதில் இரண்டே கோரிக்கைகள். ஆட்டத்தின் முடிவோடு தொடர்பில்லாத, ஆட்ட வசதி எதையும் கூட்டாத நன்கொடை பந்தயப் பணம் ஆகாது என்று விதிகளில் ஒரு வரி சேர்க்க வேண்டும். கணக்கை முடக்குமுன் காரணத்தை எழுத்தில் தந்து, பதில் சொல்ல 15 நாளாவது அவகாசம் கொடுக்க வங்கிகளையும் கேட்வேக்களையும் கட்டாயப்படுத்த வேண்டும்.   பரிவர்த்தனைக் குறிப்புப் பெட்டியை இப்போதைக்கு எடுத்துவிடுங்கள். நாங்களும் எடுத்துவிட்டோம், மனசே இல்லாமல்.

கணக்கு இன்னும் திறக்கவில்லை. போன வாரம் தர்மபுரி பேருந்து நிலையத்தில் பென்னாகரம் வாத்தியாரைப் பார்த்தேன். பேத்தி மறுபடியும் ஜெயித்துவிட்டாளாம். “பொத்தான் வேலை செய்யலியே தம்பி” என்று ஐம்பது ரூபாய்த் தாளைச் சட்டைப்பையில் திணித்தார். “இருங்கய்யா, ரசீது எழுதித் தர்றேன்” என்றேன். எதற்கென்று எழுத என்று கேட்டதற்கு, தோற்றதற்கு என்றுதான் சொன்னார். ‘நன்கொடை’ என்று எழுதிக் கிழித்துக் கொடுத்தேன்.