நீல அட்டைக்கு யார் பொறுப்பு?

ஆடிப் பட்டம் நெருங்கும்போதெல்லாம் வேளாண் கூட்டங்களில் ஒரு குறை தவறாமல் கேட்கிறது. சிறு விவசாயிகள் சான்று விதை வாங்கத் தயங்குகிறார்களாம், வீட்டு விதையையே திரும்பத் திரும்பப் போடுகிறார்களாம், விழிப்புணர்வு போதவில்லையாம். இந்தக் குற்றச்சாட்டை நாம் ஏற்கவில்லை.

பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளம் போடுகிற இரண்டு ஏக்கர்க்காரர் பருவம் தவறாமல் வீரிய ஒட்டு விதையைக் கடையில்தான் வாங்குகிறார். தக்காளி, மிளகாய் நடுகிறவர் கிராம் கணக்கில் விற்கும் பாக்கெட்டுக்குப் பணத்தை எண்ணி வைக்கிறார். வீரிய ஒட்டில் எடுத்த விதையை மறுபடி விதைத்தால் பயிர் ஒரே சீராக வராது என்று இவர்களுக்கு யாரும் முகாம் நடத்திச் சொல்ல வேண்டியதில்லை. பலன் தெரிந்தால் செலவு செய்கிறார்கள். நெல், உளுந்து, நிலக்கடலை என்று வரும்போது மட்டும் கை பின்வாங்குகிறது என்றால், காரணத்தை அந்த விதையிலும் அது வந்து சேரும் வழியிலும்தான் தேட வேண்டும்.

நிலக்கடலையைப் பார்ப்போம். திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களின் மானாவாரி நிலத்தில் ஏக்கருக்கு 50 கிலோவுக்கு மேல் விதைப்பருப்பு வேண்டும். விதைத்ததைப் போல் பத்து, பதினைந்து மடங்கு கிடைத்தாலே நல்ல மகசூல். இவ்வளவு குறைவாகப் பெருகும் பயிரில் விதை உற்பத்தி செய்யத் தனியாருக்கு ஆர்வம் வராது. வாங்குகிறவருக்கோ சாகுபடிச் செலவில் விதையே பெரும் பங்கு. அதனால் மார்கழிப் பட்டத்து இறவைக் கடலையில் திரண்ட காயாகப் பொறுக்கிக் காயவைத்து ஆடிக்கு மூட்டை கட்டிவிடுகிறார். விதைப்புக்கு முன் வீட்டுப் பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து அதைக் கையால் உடைக்கிறார்கள். மெஷினில் விட்டால் பருப்பு பிளந்து முளை கெட்டுவிடும் என்ற கவலை. சந்தேகம் வந்தால் நூறு பருப்பை ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து எத்தனை முளைக்கிறது என்று எண்ணியும் பார்க்கிறார்கள். விதையின் அருமை தெரியாதவர்கள் செய்கிற வேலையா இது?

நெல், உளுந்து, நிலக்கடலை மூன்றும் தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர்கள். மூன்று ஆண்டுக்கு ஒரு முறை விதையை மாற்றினால் போதும் என்பது வேளாண் துறையினரே சொல்லிவரும் கணக்கு. விதை மாற்று விகிதம் 33 சதவீதம் என்ற இலக்கு அதிலிருந்து வந்ததுதான். பிறகு ஆண்டுதோறும் வாங்கவில்லை என்று முகம் சுளிப்பானேன்?

அந்த ஒரு முறையாவது சான்று விதை அவசியம் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. நாள்பட்ட வீட்டு விதையில் கலவன் ஏறும், விதைவழி நோயும் சேரும். சான்று விதைக்கு வயலாய்வு உண்டு. ஆய்வுக்கூடச் சோதனையும் உண்டு. நெல்லுக்குக் குறைந்தது 80 சதவீத முளைப்புத் திறன், 98 சதவீதப் புறத்தூய்மை இருந்தால்தான் மூட்டையில் நீல அட்டை ஏறும். நிலக்கடலைக்கு முளைப்பு 70 சதவீதம். (ஈரச் சாக்கில் தொண்ணூறு எண்ணிய விவசாயியிடம் இந்த எழுபதைச் சொல்லித்தான் விற்க வேண்டியிருக்கிறது.)

சிக்கல் அரசு விதை டெப்போ வாசலில் தொடங்குகிறது. மழை விழுந்து ஈரம் காய்வதற்குள் விதைக்க வேண்டியவரிடம் ‘அடுத்த வாரம் லோடு வரும்’ என்றால் அவர் கடலை வியாபாரியிடம்தான் போவார். ஒரு ரகம் கேட்டால் இருக்கிற ரகத்தைக் கொடுப்பதும், விதையோடு வேறு பொருளையும் வாங்கச் சொல்வதும் பல ஊர்களில் பழைய புகார்கள். மானியத்துக்குச் சிட்டா, அடங்கல் வேண்டும். வாய்ப்பேச்சில் குத்தகைக்கு உழுகிறவர் அதற்கு எங்கே போவார்? நிலத்துக்காரர் பெயரில் மானியம் போக, விதைக்கிறவர் முழு விலை கொடுக்கிறார்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி, முளைக்காவிட்டால் யார் பொறுப்பு என்பது. 1966-ஆம் ஆண்டு விதைச் சட்டப்படி முதல் குற்றத்துக்கு அதிகபட்ச அபராதம் 500 ரூபாய். அந்தப் பணமும் விவசாயிக்கு வராது. அவருக்கு இழப்பீடு தர அந்தச் சட்டத்தில் வழியே இல்லை. 2004-இல் மாநிலங்களவைக்கு வந்த மாற்று மசோதா நிறைவேறவில்லை. 2012-இல் தேசிய விதைக் கழகம் தொடர்பான வழக்கில், விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே, நுகர்வோர் மன்றத்தில் இழப்பீடு கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. நல்ல தீர்ப்பு. ஆனால் வக்கீல் வைத்து, தேதி தேதியாக அலைந்து முடிப்பதற்குள் எத்தனை பட்டம் போய்விடும்? அரசு சான்றளித்த மூட்டைக்கு விலை கொடுப்பவர் இழப்பையும் தனியே சுமப்பதாக இருந்தால், பழகிய வீட்டு விதையை நம்புவதே புத்திசாலித்தனம்.

எனவே மானியத்தைக் கூட்டுவதோ முகாம் நடத்துவதோ முதல் வேலை அல்ல. சான்று விதை விதித்த அளவுக்கு முளைக்கவில்லை என்று வயலில் உறுதியானால், நீதிமன்றம் போகாமலே அதே பட்டத்துக்குள் விதை விலையும் உழவுக் கூலியும் திரும்பக் கிடைக்க அரசு வழி செய்ய வேண்டும். குத்தகைதாரருக்குக் கிராம நிர்வாக அலுவலரின் சாகுபடிச் சான்று போதும் என்று ஆக்க வேண்டும். கால் ஏக்கரில் போட்டுப் பார்க்கிற அளவுக்குச் சிறு பைகள் வேண்டும். அதில் விளைவதே விவசாயியின் அடுத்த ஆண்டு விதை. ஆடிக்குரிய கடலை வைகாசிக்குள் டெப்போவுக்கு வந்தாக வேண்டும்.

விவசாயிகளுக்கும் ஒரு வார்த்தை. சான்று விதை வாங்கினால் ரசீதையும் நீல அட்டையையும் அறுவடை வரை பத்திரப்படுத்துங்கள். அட்டையில் சோதனைத் தேதியைப் பாருங்கள். அன்றிலிருந்து 9 மாதம் கடந்திருந்தால், மறு ஆய்வு செய்து காலம் நீட்டித்த விவரம் அட்டையில் இல்லாத மூட்டையை வாங்காதீர்கள்.