வெண்டைக்கு உரமிடும் காலம்

அடையாறு, மயிலாப்பூர் வீட்டுத் தோட்டங்களிலும் தெற்கே கடலோரக் கிராமங்களிலும் வெண்டை பயிரிடுவோர் பலர், விதைக்கும்போதே உரம் முழுவதையும் இட்டுவிடுகின்றனர். இது வீண் செலவென்பது எமது அபிப்பிராயம். மணற்பாங்கான நிலம் தழைச்சத்தைப் பிடித்து வைப்பதில்லை; நாலு பாய்ச்சலில் அது வேருக்குக் கீழே இறங்கிவிடும். வெண்டையோ முதல் மாதத்தில் சொற்பமே உண்ணும். பூவெடுத்துக் காய்க்கத் தொடங்கிய பின்னரே அதன் பசி பெருகுகிறது. ஒன்றுவிட்டொரு நாள் பறிக்கும் காயோடு சத்தும் நிலத்தைவிட்டுப் போகிறது.

வீரிய ஒட்டு அல்லாத ரகங்களுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சிபாரிசு செய்யும் தழைச்சத்து ஏக்கருக்கு 16 கிலோ. பாதியை அடியுரமாகவும், மீதியை 30-ஆம் நாள் மேலுரமாகவும் இடுக. தொழுவுரம் காணாத மணலில் இதுவும் முழுப்பலன் தராது.

விதைக்காகட்டுமென்று எல்லாச் செடிகளிலும் காயை முற்றவிடுகிறார்களே, அதுவும் நஷ்டமே. அச்செடிகளில் புதுப் பூ குறைந்துவிடும். விதைக்கென நாலைந்து நல்ல செடிகளைத் தனியே ஒதுக்கினால் போதும்.