மட்கார்டு மேல ஏன்யா கிரைண்டரை வைக்கிறீங்க?

மக்களே, ரொம்ப நாளா மனசுல கிடந்த கடுப்பு. இன்னிக்குக் கொட்டிடுறேன்.

பழைய மகேந்திரா ஜீப், இல்ல அதுலயே பின்னாடி தொட்டி வச்ச பிக்கப் ஒருத்தர் கையில சிக்கினதும் முதல் வேலையா என்ன செய்றார்? எஞ்சினைப் பார்க்கிறாரா, பிரேக்கைப் பார்க்கிறாரா? ம்ஹூம். 31 இஞ்ச் டயர் வாங்குறார். அது உள்ள போகாது. அடுத்த நாளே டிங்கர் பட்டறையில மட்கார்டை வெட்டுற சத்தம்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். அந்த ஜீப்புக்குன்னு வந்த 6.00-16 டயர் சுமார் 28 இஞ்ச் உயரம், 6 இஞ்ச் அகலம். இவங்க மாட்டுறது 31 உயரம், பத்தரை அகலம். உயரத்துல மட்கார்டு பக்கம் ஒன்றரை இஞ்ச் இடைவெளி போச்சு. அகலத்துல உள்பக்கம் ரெண்டேகால், வெளிப்பக்கம் ரெண்டேகால். வெளிய இடிக்கிறதை வெட்டிடலாம் சாமி, ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சா உள்ள ஸ்பிரிங் பட்டையில உரசுமே, அதை எங்க போய் வெட்டுவீங்க? உடனே ரிம்மை வெளியே தள்ளி மாட்டுறது. பாரம் மொத்தமும் பேரிங்குக்கும் கிங்பின்னுக்கும் போகுது. மீட்டர் 60 காட்டும்போது வண்டி 65-ஐத் தாண்டி ஓடும்.

"ஐஸ்லாந்துல 38 இஞ்ச், 44 இஞ்சே போடுறானே"ன்னு ஒரு கோஷ்டி கிளம்பும். போடுறான், ஒத்துக்கறேன். அவன் காத்தைப் பாதிக்கு மேல இறக்கிவிட்டு, பனி மேல மிதந்து போறதுக்காகப் போடுறான். அருப்புக்கோட்டையில எந்த மாசம்ணே பனி கொட்டுது?

நம்மூர்ல கொட்டுறது ஐப்பசி, கார்த்திகை மழை. திருச்சுழிப் பக்கம் கரிசக்காட்டு வண்டிப்பாதையில ஒரு தடவை போய்ப் பாருங்க. சைக்கிள் மட்கார்டுக்குள்ள மண்ணு அப்பி, சக்கரம் சுத்தாம, சைக்கிளைத் தோள்ல தூக்கிட்டு நடந்த சனம் நாம. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல இருக்கிற அந்த இடைவெளி சும்மா விட்டதுன்னா நினைச்சீங்க? அது சேறு வந்து விழுறதுக்கான இடம். பெரிய டயரைப் போட்டு அதை அடைச்சிட்டு, 'சேத்துல போற வண்டி'ன்னு பீத்திக்கறீங்க! மேல சேறும் அடியில கெட்டித் தரையுமா இருக்கிற பாதையில, ஒல்லி டயர்தான் சேத்தை வெட்டிக்கிட்டு இறங்கி அடித்தரையைப் பிடிக்கும். அகல டயர் மேலயே வழுக்கிட்டு நிக்கும்.

இன்னொண்ணு. மட்கார்டு உங்க அழகுக்கு இல்ல, பின்னாடி டிவிஎஸ்ஸுல வர்ற சம்சாரியோட கண்ணுக்கு. வெட்டின மட்கார்டுக்கு வெளியே துருத்துற டயர் தெறிக்கிற சரளைக்கல்லு அவர் மூஞ்சியிலதான் போய் அடிக்கும்.

சட்டமும் உங்க பக்கம் இல்ல. ஆர்சியில இருக்கிற கம்பெனி விவரத்துக்கு முரணா வண்டியை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. அதே வருசம் மோட்டார் வாகனச் சட்டத்தையும் திருத்தினாங்க. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், இல்ல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். பழைய வண்டின்னு தள்ளுபடி எல்லாம் கிடையாது.

அசல் அளவு டயரே இடிக்குதா? அப்ப பட்டை தொய்ஞ்சிருக்கும், இல்ல மட்கார்டு ஒடுங்கியிருக்கும். தொட்டியில பாரம் ஏத்தி, ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் ஒடிச்சு, எங்க உரசுதுன்னு சாக்பீஸால குறிச்சுப் பாருங்க. பட்டையை வளைச்சுக் கட்டுங்க, ஒடுங்கினதைத் தட்டி எடுங்க. ஓரத்து மடிப்புல மட்டும் கை வைக்காதீங்க. தகட்டுக்கு பலமே அந்த மடிப்புதான். அது போனா தகடு அதிர்ந்து அதிர்ந்து கீறல் விடும், வெட்டின வாயில துரு ஏறும். வெட்டிப்போட்ட பழைய தகடு காயலான் கடைக்குப் போனா போனதுதான், திரும்ப வராது.

வண்டிக்கு ஏத்த டயர் வாங்குங்கய்யா. டயருக்கு ஏத்த மாதிரி வண்டியை வெட்டாதீங்க.

டிஸ்கி: "எங்க வண்டி, எங்க காசு"ன்னு பின்னூட்டம் போட வர்றவங்க, மழை பெஞ்ச மறுநாள் அந்த வண்டியில திருச்சுழிக் கரிசல்ல ஒரு கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து போடவும் :-)